பெட்டியை விட்டுவிட்டுப் போன வண்டி

ரயில் தாமதமாக வரும், சில நாள் வராமலே போகும். இதெல்லாம் எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. நாங்கள் ஏறி உட்கார்ந்திருந்த பெட்டியை மட்டும் விட்டுவிட்டு ரயில் போன கதை உங்களில் யாருக்கும் நடந்திருக்காது. எனக்கு நடந்தது. அதனால் வேலையே போகப் பார்த்தது.

அறுபதுகளின் தொடக்கம். விழுப்புரம் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் நான் ஆபரேட்டர். வீடு திண்டிவனத்தில். காலை பாசஞ்சரில் போய் மாலை பாசஞ்சரில் திரும்ப வேண்டும். மயிலம், பேரணி, விக்கிரவாண்டி, முண்டியம்பாக்கம் என்று ஒவ்வொரு ஸ்டேஷனிலும் நின்று, எதிர் வண்டிக்கு வழிவிட்டு, தண்ணீர் பிடித்துக்கொண்டு அது போகும். நான் இயல்பிலேயே பொறுமை இல்லாதவள். வண்டி சும்மா நின்றால் என் கால் தரையைத் தட்டிக்கொண்டே இருக்கும். கல்யாணத்துக்கு முன்னால் அது வெறும் எரிச்சலாக இருந்தது. குழந்தை பிறந்த பிறகு பயமாக மாறிவிட்டது.

பாப்பாவுக்கு அப்போது ஐந்து மாதம். பகலில் மாமியார் பசும்பாலைச் சங்கில் ஊற்றிச் சமாளித்துவிடுவார். பொழுது சாய்ந்தால் போதும், சங்கைத் தட்டிவிட்டு என்னைத் தேடி அழ ஆரம்பித்துவிடும். எனக்கும் மாலையானால் மார்பு கட்டிக்கொண்டு வலி உயிர் போகும். என் கணவர் திண்டிவனத்தில் பள்ளிக்கூட வாத்தியார். இரண்டு முறை நான் இருட்டிய பிறகு வீடு போய்ச் சேர்ந்தபோது அவர் சொன்னது இதுதான்:

"இன்னொரு தரம் வெளக்கு வெச்சப்புறம் வந்தீன்னா, மறுநாள்லேர்ந்து வேலைக்குப் போவ வேணாம். புள்ளய அழவெச்சி சம்பாதிக்கணும்னு நமக்கு ஒண்ணும் தலையெழுத்து இல்ல."

எனக்கு அந்த வேலை பிடிக்கும். பிழைப்புக்காகப் பார்த்தேன் என்று சொன்னால் பொய். காதில் ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு ஸ்விட்ச்போர்டு முன்னால் உட்கார்ந்தால் நான் வேறு ஆள். மண்டிக்காரர், டாக்டர், வக்கீல் எல்லோரும் என் குரலுக்குக் காத்திருப்பார்கள். அதை விடச் சொன்னபோது எனக்கு அவர் மேல் வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல.

ஆனால் வேலையில் ஒரு சட்டம் இருந்தது. அடுத்த ஆபரேட்டர் வந்து ஹெட்செட்டை வாங்கிக்கொள்ளாமல் போர்டை விட்டு எழுந்திருக்கக் கூடாது. எனக்கு ரிலீஃப் காஞ்சனா. கோலியனூரிலிருந்து பஸ்ஸில் வருவாள். அவள் பஸ் தாமதமானால் நான் ஸ்டேஷனுக்கு ஓட வேண்டும். இப்படி ஒரு பக்கம் போர்டும் இன்னொரு பக்கம் வண்டியுமாக என் மாலை நேரங்கள் போயின.

கதவைத் தட்டியவர்

எங்கள் லேடீஸ் பெட்டி வண்டியின் கடைசியில், கார்டு வண்டிக்கு முன்னால் இருக்கும். சீசன் டிக்கெட் பெண்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு. விழுப்புரத்தில் ஏறியதும் ஷட்டரை எல்லாம் இறக்கிவிட்டுக் கதவை உள்ளே தாழ்ப்பாள் போட்டுவிடுவோம். இல்லாவிட்டால் மூட்டையும் முடிச்சுமாக ஆண்கள் ஏறிவிடுவார்கள். அப்புறம் இறக்க முடியாது. யார் தட்டினாலும் திறப்பதில்லை. வண்டி நகர்ந்து முண்டியம்பாக்கம் வந்த பிறகுதான் ஷட்டரைத் தூக்குவோம்.

அன்று காஞ்சனா சீக்கிரமே வந்துவிட்டாள். நான் நிம்மதியாகப் போய் உட்கார்ந்தேன். பக்கத்தில் எஸ்தர் அக்கா. ஆஸ்பத்திரியில் நர்ஸ், அவரும் திண்டிவனம்தான். எதிரே, எங்கள் பக்கம் மல்லாட்டை என்று சொல்லும் வேர்க்கடலைக் கூடையோடு இரண்டு பேர். கதவைத் தாழ்ப்பாள் போட்டாயிற்று. கொஞ்ச நேரத்தில் யாரோ கதவைத் தட்டினார்கள்.

"எறங்குங்கம்மா, எறங்குங்க."

"இது லேடீஸ். வேற பொட்டிக்குப் போய்யா" என்றார் எஸ்தர் அக்கா.

"லேடீஸ்தான்னு தெரியும். கதவத் தெறங்க."

"தெரிஞ்சிகினே தட்டறான் பாரு. எவ்ளோ கொழுப்பு" என்றாள் கூடைக்காரி. எல்லோரும் சேர்ந்து கத்தியதில் வெளியே அந்த ஆள் சொன்னது எதுவும் காதில் விழவில்லை. அவரும் போய்விட்டார்.

பெட்டி ஒரு இடி இடித்தது. முன்னால் போனது, நின்றது, பின்னால் வந்தது, மறுபடி ஒரு இடி. "கெளம்பிடுச்சி" என்றார் எஸ்தர் அக்கா. தூரத்தில் விசில் கேட்டது. பேசிக்கொண்டே இருந்தோம். சக்கரச் சத்தமே இல்லையே என்று எனக்குத்தான் முதலில் உறைத்தது. ஷட்டரைத் தூக்கிப் பார்த்தால் பெட்டி தனியாக ஓர் ஓரத்து லைனில் நிற்கிறது. முன்னாலும் ஒன்றுமில்லை, பின்னாலும் ஒன்றுமில்லை. கீழே லைன் மாற்றிவிடும் பாயிண்ட்ஸ்மேன் ஒருவர் பீடி பிடித்துக்கொண்டிருந்தார்.

"வண்டி எங்கய்யா?"

"அது போயி எவ்ளோ நேரமாவுது. சக்கரத்து ஆக்ஸில் பாக்ஸ் சூடாயிடுச்சி, இந்தப் பொட்டி ரிப்பேர்னு சிக்கு போட்டுக் கழட்டிட்டாங்க. தட்டித் தட்டிச் சொன்னேன். நீங்க திட்டி அனுப்பிச்சீங்க. நான் மாஸ்டராண்ட போய்ச் சொல்லிட்டு வர்றதுக்குள்ள ஷன்டிங் முடிஞ்சிபோச்சி. நான் இன்னா பண்றது, சொல்லுங்க."

கூடைக்காரி சிரித்துவிட்டாள். எனக்கு அழுகை வந்தது. வெளிச்சம் இறங்கிக்கொண்டிருந்தது. அடுத்த வண்டி இருட்டிய பிறகுதான். பஸ்ஸில் போனாலும் அதே நேரம்தான் ஆகும்.

எக்ஸ்சேஞ்சுக்கே திரும்ப ஓடினேன். ஊருக்கெல்லாம் லைன் போட்டுக் கொடுத்த நான் அன்றுதான் முதல் தடவையாக என் வீட்டுக்குச் சேதி அனுப்பக் கெஞ்சினேன். காஞ்சனா திண்டிவனம் எக்ஸ்சேஞ்சைப் பிடித்துக் கொடுத்தாள். அங்கே இருந்த ஆபரேட்டரை நான் நேரில் பார்த்ததில்லை, குரல்தான் பழக்கம். "கவலப்படாதம்மா. லைன்மேன சைக்கிள்ல அனுப்பறேன். இன்னான்னு சொல்லணும்?"

"பொட்டிய உட்டுட்டு வண்டி போயிடுச்சின்னு சொல்லுங்க சார்."

"அப்படியே சொல்லிடட்டுமா?" என்று கேட்டார்.

அப்படியே சொல்லிவிட்டார்கள். நான் வீடு போய்ச் சேர்ந்தபோது தெருவே சிரித்துக்கொண்டிருந்தது. பாப்பா அழுது அழுது தொண்டை கட்டிக் கிடந்தது. வாரி எடுத்துப் பால் கொடுத்தபோது அதற்கு உறிஞ்சக்கூடத் தெம்பில்லை. அந்த நேரத்தில் என்னையே எனக்குப் பிடிக்கவில்லை.

"பொட்டிய உட்டுட்டுப் போச்சா. பொய் சொன்னாலும் பொருந்தச் சொல்லணும்" என்றார் என் கணவர். "நாளைக்குப் போயி வேலய உட்டு நின்னுக்கறேன்னு சொல்லிட்டு வந்துடு."

நான் பதில் சொல்வதற்குள் மாமியார் குறுக்கே வந்தார். "நானும் நாளைக்குக் கூடப் போறேன்டா. இவ எங்க நின்னுகினு வர்றான்னு கண்ணால பாத்துட்டு வர்றேன். அதுக்கப்புறம் நிக்கட்டும்."

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. வேவு பார்க்கத்தான் வருகிறார். ஆனாலும் ஒரு நாள் அதிகமாகக் கிடைத்ததே என்று வாயை மூடிக்கொண்டேன்.

மாமியார் வந்த நாள்

மாமியார் கிளியனூர்ப் பக்கம். அதற்கு முன் ரயிலில் அதிகம் போனவரில்லை. காலையில் பாப்பாவை இடுப்பில் வைத்துக்கொண்டு ஏறியவர், பேரணியில் வண்டி நின்றபோது, "இன்னாத்துக்கு இங்க நிக்கறான்?" என்றார். விக்கிரவாண்டியிலும் கேட்டார். முண்டியம்பாக்கத்தில் கேட்கவில்லை. முந்தானையால் கண்ணில் விழுந்த கரியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

பகல் முழுவதும் ஸ்டேஷனில் பெண்கள் வெயிட்டிங் ரூமில் பாப்பாவோடு இருந்தார். சாப்பாட்டு நேரத்தில் நான் ஓடிப்போய்ப் பால் கொடுத்துவிட்டு வந்தேன். மாலையில் காஞ்சனா வரவில்லை. பஸ் எங்கேயோ நின்றுவிட்டதாம், பிறகுதான் தெரிந்தது. வெளியே பாப்பா அழும் சத்தம் கேட்டது. திரும்பிப் பார்த்தால் வாசலில் மாமியார்.

"எழுந்து வாம்மா ஜல்தி. வண்டி வந்து நிக்குது."

"ஆள் வரல அத்தை. எழுந்திருக்க முடியாது."

"புள்ள அழுவுது, நீ பாட்டுக்கு ஒக்காந்துகினு இருக்க."

போர்டில் நம்பர் மேல் நம்பராக விழுந்துகொண்டிருந்தது. ஒரு டாக்டர் வீட்டுக்கு அர்ஜன்ட் கால். கை பிளக்கைச் செருகிக்கொண்டே இருந்தது. அழுகைச் சத்தம் கேட்கக் கேட்க ரவிக்கை முன்பக்கம் நனைந்துவிட்டது. புடவையை இழுத்து மூடக்கூட எனக்குக் கை ஒழியவில்லை. மாமியார் அதைப் பார்த்தார். கிட்டே வந்து என் முந்தானையை இழுத்துச் சரிசெய்துவிட்டு, பாப்பாவைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டு வாசலிலேயே நின்றார். ஸ்டேஷன் பக்கமிருந்து விசில் கேட்டது. வண்டி போய்விட்டது.

மூன்று பேரும் இருட்டில்தான் வீடு போய்ச் சேர்ந்தோம். என் கணவர் வாசலில் நின்றார். "இன்னாம்மா, நீயுமா?"

"விழுப்புரத்துல ஒரு வீடு பாருடா" என்றார் மாமியார்.

"அப்ப என் பள்ளிக்கூடம்?"

"நீ வண்டில போய்க்கினு வா. நீயா பால் குடுக்கற?"

எனக்காகப் பரிந்து பேசினார் என்று நான் சொல்ல மாட்டேன். பேத்தி அழுததைத் தாங்க முடியாமல் சொன்னார். அடுத்த நாளே அடுப்படியில் என்னைப் பழையபடி அதட்டினார். ஆனால் வீடு மாறினோம். ஸ்டேஷனுக்கும் எக்ஸ்சேஞ்சுக்கும் நடுவில் ஓர் ஓட்டு வீடு. நான் ரிட்டயர் ஆகும்வரை அந்த வேலையில் இருந்தேன்.

இப்போது வேலைக்குப் போகும் பெண்கள் என்னிடம் யோசனை கேட்டால் இரண்டு சொல்வேன். வேலைக்குப் பக்கத்தில் வீடு பாருங்கள். ரயில் பெட்டிக் கதவை யாராவது தட்டினால் திட்டுவதற்கு முன் ஷட்டரைக் கொஞ்சம் தூக்கி, என்ன சொல்கிறார் என்று கேளுங்கள்.

என் கணவர் சீசன் டிக்கெட் எடுத்தார். காலையில் எதிர்ப்பக்கம் போய் மாலையில் திரும்புவார். பேரணியில் கிராசிங், மயிலத்தில் சிக்னல் என்று தினம் ஒன்று சொல்வார். "இந்த வண்டிய நம்பி மனுசன் வேலைக்குப் போவ முடியுமா? பெரிய பேஜாரா இருக்குது" என்று சட்டையைக் கழற்றி உதறுவார். மாமியார் தட்டு வைப்பார், நான் சோறு போடுவேன். பல வருஷம் அவர் விளக்கு வைத்த பிறகுதான் வீட்டுக்கு வந்தார். வேலையை விட்டுவிடு என்று அவரிடம் எங்கள் வீட்டில் யாரும் சொன்னதில்லை.