கையைக் கீழே போடு

எங்கள் வீட்டில் அம்மாவுக்கு மீசை உண்டு. நிஜத்தில் இல்லை, அக்காவின் கைப்பேச்சில். அம்மா கூப்பிடுகிறாள் என்று எனக்குச் சொல்ல வேண்டுமென்றால் அக்கா மேலுதட்டுப் பக்கம் விரலைக் கொண்டுபோய் முறுக்கிக் காட்டுவாள். அது மேஸ்திரிக்கு உரிய சைகை. அப்பாவின் வேலையிடத்திலிருந்து எங்கள் வீட்டுக்கு வந்தது.

அப்பா ரெட்டிபாளையத்தில் சிமெண்ட்டுக்குக் கல் உடைக்கிற கிரஷரில் இருந்தார். மிஷின் ஓடும்போது பக்கத்தில் நிற்கிறவன் காதுக்குள் கத்தினாலும் கேட்காது. அதனால் அங்கே எல்லோரும் கையால்தான் பேசிக்கொள்வார்கள். லாரி வருகிறது, தண்ணீர் வேண்டும், மேஸ்திரி வருகிறார், பீடியை அணை, எல்லாவற்றுக்கும் ஒரு சைகை இருந்தது. அக்காவுக்குப் பிறவியிலேயே காது கேட்காது என்று தெரிந்ததும் சொந்தக்காரர்கள் கோயில் கோயிலாகப் போகச் சொன்னார்கள். அப்பா போகவும் செய்தார். போய்வந்த நேரம் போக மிச்ச நேரத்தில் கிரஷர் பாஷையை மகளுக்குக் கற்றுக்கொடுத்துவிட்டார்.

அக்கா அதோடு நிற்கவில்லை, தானாகவும் நிறையச் சேர்த்துக்கொண்டாள். எதிர்வீட்டு ஆடு கொடியில் காய்ந்த சேலையைத் தின்ற கதையை அவள் சொன்னால் ஆடும் அவள்தான், சேலையும் அவள்தான், விளக்குமாற்றோடு துரத்துகிறவளும் அவள்தான். அப்பா சாயங்காலம் சைக்கிளை நிறுத்தியதும் நிறுத்தாததுமாக அன்றைக்கு ஊரில் நடந்த அத்தனையும் அவருக்குச் சொல்லியாக வேண்டும். பதிலுக்கு அவர் கிரஷரில் நடந்ததைச் சொல்வார். அம்மாவுக்கு அடுப்படி வேலையே சரியாக இருந்தது. சோறு, தண்ணீர், வா, போ என்கிற அளவுக்குத்தான் அந்தப் பாஷை அவளுக்குத் தெரியும்.

ஊர்ப் பள்ளிக்கூடத்தில் அக்காவைக் கொஞ்ச நாள் கடைசி வரிசையில் உட்காரவைத்துவிட்டு, வீட்டிலேயே இருக்கட்டும் என்று அனுப்பிவிட்டார்கள். திருச்சியில் காது கேளாத பிள்ளைகளுக்கென்று ஒரு பள்ளிக்கூடம் இருப்பதாக யாரோ சொல்ல, அம்மாவும் அப்பாவும் அவளை அங்கே அழைத்துப்போனார்கள். அங்கிருந்த டீச்சர் தங்கமானவர் என்று அம்மா கடைசிவரை சொல்வாள். ஜூன் மாதம் சேர்த்துக்கொள்வதாக டீச்சர் சொன்னாராம். அதற்குள் உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்ளவும், நாலு வார்த்தையாவது வாயால் சொல்லவும் வீட்டிலேயே பழக்க வேண்டும். அப்புறம் இன்னொன்று. இனிமேல் வீட்டில் யாரும் கையால் பேசக் கூடாது. கை பழகிவிட்டால் வாய் வராது என்று அந்தக் காலத்தில் நம்பினார்கள்.

அம்மா மூணாம் வகுப்போடு நின்றவள். ஆனால் அந்தப் பங்குனி, சித்திரையில் அவளை மிஞ்சின வாத்தியார் அரியலூர் வட்டாரத்தில் இருந்திருக்க முடியாது. தலையணையைக் கிழித்துப் பஞ்சு எடுத்தாள். உள்ளங்கையில் ஒரு துளிப் பஞ்சை வைத்து அக்காவின் வாய்க்கு நேராக நீட்டுவாள். ‘ப’ சொன்னால் பஞ்சு பறக்க வேண்டும். ‘ம’ சொன்னால் பஞ்சு அப்படியே கிடக்க வேண்டும், மூக்கு அதிர வேண்டும். அம்மாவின் தொண்டையில் ஒரு கை, தன் தொண்டையில் ஒரு கை என்று வைத்துக்கொண்டு அக்கா கண்ணை உருட்டிக்கொண்டு முயல்வாள். இதைத் தவிர வேறு எதற்குக் கையைத் தூக்கினாலும், “கையக் கீழ போடு. வாயால சொல்லு” என்பாள் அம்மா. அப்படியும் அடங்காவிட்டால் கைகளின் மேலேயே உட்காரச் சொல்வாள். குழம்பு கொதிக்கும்போதுகூட உதட்டைக் குவித்துக் காட்டிக்கொண்டிருப்பாள். ஒரு வார்த்தை சரியாக வந்தால் ஒரு துண்டு வெல்லம். எனக்குக் காதும் கேட்டது, வாயும் பேசியது, ஆனால் வெல்லம் மட்டும் கிடைக்கவில்லை.

அம்மா, அப்பா, பூ, பால். கோடை பாதி போவதற்குள் நாலும் வந்துவிட்டன.

அப்பாதான் பாடாய்ப் பட்டார். நாள் முழுக்கக் கையால் பேசிவிட்டு வருகிறவருக்கு, வாசலில் அக்காவைக் கண்டதும் கை தானாக எழும். அதனால் துண்டை இரண்டு கையிலும் சுற்றிக்கொண்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டு நேராகக் கிணற்றடிக்குப் போய்விடுவார். அவர் அக்காவோடு கோபமாக இருக்கிறார் என்று நினைத்தேன். அக்காவும் அப்படித்தான் நினைத்திருப்பாள். ஊர்க் கதை சொல்வது நின்றுபோனது.

ஒருநாள் சாயங்காலம் நானும் அக்காவும் ஒளிந்து விளையாடினோம். கொல்லைக் கொட்டகையில் நெல் கொட்டிவைக்கிற மண் குதிர் ஒன்று, பெரிய ஆள் உயரத்துக்கு, காலியாக நின்றது. கவிழ்த்த உரல்மேல் ஏறி அதற்குள் குதித்தேன். கூடவே, குதிரின் வாயில் சாய்த்திருந்த பலகை மூடி சரிந்து வந்து இறுக்கமாக உட்கார்ந்துவிட்டது. உள்ளே பழைய உமியும் தூசியும் கிளம்பி மூக்கையும் வாயையும் அடைத்தன. கத்தினேன். என் சத்தம் எனக்கே திரும்பி வந்தது. மூச்சு முட்டியது. செத்துப்போகப் போகிறேன் என்று அந்த வயதிலும் தெரிந்தது.

வெளியே நடந்ததெல்லாம் அம்மா பிற்பாடு சொல்லித் தெரிந்ததுதான். என்னைத் தேடி வந்த அக்கா, மூடி சரிந்து விழுவதைப் பார்த்துவிட்டு, உரல்மேல் ஏறி அதைத் தள்ளிப் பார்த்திருக்கிறாள். அசையவில்லை. அடுப்படிக்கு ஓடி, இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கிக் குறுக்காகப் பிணைத்துக் காட்டியிருக்கிறாள். அம்மா அந்தச் சைகையைப் பார்த்ததே இல்லை. பிள்ளை விளையாட்டுக் காட்டுகிறது என்று நினைத்து அந்தக் கைகளைப் பிடித்து இறக்கிவிட்டாள்.

“கையக் கீழ போடு. வாயால சொல்லு சாமி.”

அக்கா திமிறியிருக்கிறாள். அம்மா விடவில்லை. கடைசியில் அக்கா தன்னிடம் இருந்த வார்த்தைகள் எல்லாவற்றையும் ஒன்றன்பின் ஒன்றாகச் சொன்னாளாம். அம்மா. அப்பா. பூ. பால். மறுபடியும் முதலிலிருந்து. தொண்டையைத் தொடாமல், பஞ்சு இல்லாமல், நாலும் மணிமணியாக வந்திருக்கின்றன. அம்மாவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அவள் கன்னத்தை வழித்து முத்தம் கொடுத்துவிட்டு, ஒரு பெரிய வெல்லக்கட்டியை எடுத்து வாயில் போட்டுவிட்டாள்.

அந்த நேரத்தில் வாசலில் அப்பாவின் சைக்கிள். அக்கா வெல்லத்தைத் துப்பிவிட்டு ஓடி, அவர் முன்னால் நின்று கைகளைத் தலைக்கு மேலே பிணைத்தாள். கிரஷரில் அதற்கு ஒரே அர்த்தம்தான். ஆள் மாட்டிக்கொண்டான், மிஷினை நிறுத்து. அதைப் பார்த்தால் யாராக இருந்தாலும் கையில் இருப்பதைப் போட்டுவிட்டு ஓட வேண்டும். அப்பா சைக்கிளை அப்படியே தெருவில் போட்டுவிட்டு அக்காவின் பின்னாலேயே ஓடினார்.

மூடியை உடைத்து என்னைத் தூக்கிக் கிணற்றடியில் கிடத்தித் தண்ணீர் தெளித்தார்கள். நான் இருமி இருமி உமியாகத் துப்பினேன். அம்மா வாயிலும் வயிற்றிலும் அடித்துக்கொண்டு அழுதாள். பிறகு அக்காவின் இரண்டு கைகளையும் எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டு அதற்கும் அழுதாள். சட்டம் தீர்ந்தது என்று நான் முடிவு கட்டிவிட்டேன். படுத்த வாக்கிலேயே அக்காவைப் பார்த்து மீசையை முறுக்கிக் காட்டினேன். அவள் சிரித்தாள்.

மறுநாள் காலையில் அம்மா பஞ்சோடு வந்து உட்கார்ந்தாள். முகம் வீங்கியிருந்தது. அக்கா அப்பாவைத் திரும்பிப் பார்த்தாள்.

“போதும் இந்தப் படிப்பு” என்றார் அப்பா. அதற்கு முன் அவர் அம்மாவிடம் குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. “அந்தக் கைதான் சின்னவளக் காப்பாத்துச்சு. இன்னுமா அதக் கட்டிப்போடணும்?”

அம்மா பஞ்சைக் கீழே வைக்கவில்லை.

“நீங்க வந்தீங்க, பாத்தீங்க, ஓடுனீங்க. பெத்த எனக்கே அது தெரியல. ஊர்ல வேற யாருக்குத் தெரியும்?” என்றாள். “நீங்க வரலன்னா அவ என்னங்க பண்ணுவா?” என்று கேட்டாள்.

வேலைக்குப் போகச் சட்டை மாட்டியிருந்த அப்பா அப்படியே அக்காவின் முன்னால் சப்பணம் போட்டு உட்கார்ந்தார். அம்மாவின் கையிலிருந்த பஞ்சை வாங்கித் தன் உள்ளங்கையில் வைத்து அக்காவின் வாய்க்கு நேராக நீட்டினார்.

அந்த வயதில் எனக்கு அம்மாவை நினைத்துச் சிரிப்பாக வந்தது. அப்பாதான் தினமும் ஷிப்ட் முடிந்ததும் வந்துவிடுவாரே, இதுகூடத் தெரியாமல் கேட்கிறாளே என்று.