கண்ணாடி இறங்காத காரில் ஓங்கோல் வரை

இன்று ஆந்திர எல்லைச் சோதனைச்சாவடியில் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க முடியாமல் ஒன்று சொல்லிவிட்டேன். மகன் இன்னும் என்னோடு பேசவில்லை.

ஏன் சொன்னேன் என்று தெரிய எழுபதுகளுக்குப் போக வேண்டும். (பொறுமை இல்லாதவர்கள் கடைசிக்குத் தாவலாம். ஆனால் ஒன்றும் புரியாது!)

அப்போது எங்களுக்குக் கல்யாணமான புதிது. மணவாள நகரில் குடியிருந்தோம். என் வீட்டுக்காரருக்குக் கார் என்றால் உயிர். ஓட்டத்தான் வராது.

எனக்கு வரும். அப்பாவின் நெல் வயலில் டிராக்டர் ஓட்டிப் பழகியவள் நான்.

அந்த வருடம் ஆந்திரக் கடலோரத்தில் பெரிய புயல். சென்னையில் சில கார்ப் பைத்தியங்கள் சேர்ந்து ஒரு ராலி அறிவித்தார்கள். புதுக் காருக்கு அனுமதி இல்லை, ஓட்டை உடைசல் மட்டும்தான். ஒவ்வொரு காரும் நிவாரண அரிசியை ஏற்றிக்கொண்டு ஓங்கோல் வரை போக வேண்டும்.

வீட்டுக்காரர் உடனே செவ்வாப்பேட்டையில் ஒரு கிழட்டுக் காரைப் பிடித்துவிட்டார். கறவை மாட்டைவிட மலிவு. விற்ற ஆள் சாவியைக் கொடுத்த கையோடு மாயமாகிவிட்டார்.

அந்தக் காரில் எந்தக் கண்ணாடியும் இறங்காது. சுற்றுகிற கைப்பிடியே இல்லை. வெயிலில் வெந்துபோனோம்.

கதவைச் சாத்தினால் உள்ளே சலசலவென்று ஏதோ சரியும். துரு உதிர்கிறது என்றார் வீட்டுக்காரர். எனக்கோ அது நன்றாகத் தெரிந்த சத்தம். எங்கே கேட்டது என்றுதான் பிடிபடவில்லை. மண்டை காய்ந்தது.

ராலி கிளம்பியது. மற்ற கார்களெல்லாம் கண்ணுக்குத் தெரியாத தூரம் போய்விட்டன. அப்போதெல்லாம் பர்மிட் இல்லாமல் மாநிலம் விட்டு மாநிலம் அரிசி போகக்கூடாது. அந்தப் பர்மிட்டும் முதல் காரோடு போய்விட்டது.

கவரைப்பேட்டையில் ரேடியேட்டருக்குத் தண்ணீர் ஊற்ற நின்றோம். டீக்கடைக்காரர் எங்கள் முகத்தைப் பார்க்கவில்லை, காரைத்தான் பார்த்தார். கேட்காமலே டீயை நீட்டிவிட்டுக் குனிந்து சொன்னார்:

"இன்னிக்கி மெயின் ரோடு வேணாம். ஜீப்பு நின்னுகினு கீது."

எந்த ஜீப், எதற்கு என்று கேட்டேன். அப்போதுதான் என்னை நிமிர்ந்து பார்த்தார். முகம் வெளிறிவிட்டது. டீ ஆறிவிடும், குடியுங்கள் என்று உள்ளே போனவர் வெளியே வரவே இல்லை.

எங்களை யார் என்று நினைத்தார்? கும்மிடிப்பூண்டி தாண்டும்வரை இதையே நான் கேட்டுக்கொண்டு வந்தேன். வீட்டுக்காரர் ரோட்டைப் பார்த்து ஓட்டு என்றார்.

எல்லைச் சாவடியில் இன்ஸ்பெக்டர் நடு ரோட்டிலேயே நின்றிருந்தார். ரொம்ப நாள் கழித்து வந்த சொந்தக்காரரைப் பார்ப்பதுபோல எங்கள் காரைப் பார்த்துச் சிரித்தார்.

பழைய ஓனர் எங்கே என்றார். தெரியாது, நாங்கள் இப்போதுதான் வாங்கினோம் என்றோம். மூட்டைகளைப் பார்த்தார். பர்மிட் கேட்டார். முன்னால் போன காரில் இருக்கிறது என்றோம்.

"அங்கேர்ந்து இங்க அரிசி கடத்துறவனத்தான் பாத்துகீறேன். இங்கேர்ந்து அங்க கொண்டு போறது நீங்கதாம்மா மொத ஆளு."

ஆனாலும் சட்டம் சட்டம்தான், மூட்டையை இறக்குங்கள் என்றுவிட்டார். எனக்கு அழுகையே வந்துவிட்டது. அங்கே ஜனங்கள் வீடு வாசல் போய்ப் பட்டினி கிடக்கிறார்கள். இவர்கள் இங்கே அரிசியை அடுக்கிவைத்துப் பூட்டப் போகிறார்கள்.

மூட்டைகள் இறங்கியதும் சீட்டைத் தூக்கினார், டிக்கியைக் குடைந்தார், காருக்கு அடியில் படுத்துப் பார்த்தார். அப்புறம் அவரே புலம்பினார். இந்தக் கார் வாராவாரம் ஆந்திராவிலிருந்து வருமாம். அரிசி இருக்கிறது என்று உறுதியாகத் துப்பு வருமாம். எவ்வளவு தேடியும் ஒருநாளும் கிடைத்ததில்லையாம். ஓனர் வெற்றிலை மென்றபடி டாட்டா காட்டிவிட்டுப் போவானாம்.

"எங்க வெச்சான்னு தெரிஞ்சா போதும்மா. நிம்மதியா ரிட்டையர் ஆயிடுவேன்."

சொல்லிவிட்டு எரிச்சலில் கதவை ஓங்கிச் சாத்தினார்.

சலசல.

முறத்தில் அரிசி சரிகிற சத்தம்! பிறந்ததிலிருந்து எங்கள் களத்தில் கேட்ட சத்தம்!

நான் வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும். சொன்னால் இது கடத்தல் கார். அரிசி, கார், நாங்கள், மூன்றும் உள்ளே போகலாம். என் முகத்தைப் பார்த்ததுமே வீட்டுக்காரர் என் காலை மிதித்தார்.

"சார், எங்கேன்னு சொன்னா அரிசியோட எங்கள வுட்டுடுவீங்களா?"

வீட்டுக்காரர் கண்ணை மூடிக்கொண்டார்.

இன்ஸ்பெக்டர் விட்டுவிடுகிறேன் என்று தலையாட்டினார். பிறகு சொல்லு என்றார்.

கண்ணாடி ஏன் இறங்கவில்லை என்று பாருங்கள் என்றேன். அவரே ஸ்க்ரூ டிரைவரை வாங்கிக் கதவின் உள்பலகையைக் கழற்றினார். கண்ணாடி இறங்க வேண்டிய இடத்தில் நீளமாகத் தைத்த துணிப்பை, கிழிந்து கிடந்தது. ஒரு பிடி பழைய அரிசி வண்டோடு அவர் பூட்ஸ்மேல் கொட்டியது. நாலு கதவிலும் அதே கதை.

அவர் அப்படியே ரோட்டில் உட்கார்ந்துவிட்டார்.

"ஒவ்வொரு தபாவும் இந்தக் கதவத் தொறந்துதானேம்மா உள்ள தேடினேன்."

கான்ஸ்டபிள்கள் சிரிப்பை அடக்கத் திணறினார்கள். கடைசியில் அவரே கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார்.

சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். மூட்டை ஏற்ற அவரும் ஒரு கை கொடுத்தார். அந்தப் பக்கம் தகராறு வரக்கூடாதென்று ஒரு கான்ஸ்டபிளையும் மூட்டைமேல் ஏற்றி அனுப்பினார். அந்தப் பழைய அரிசியை மட்டும் கர்ச்சீப்பில் முடிந்துகொண்டார்.

ராலியில் நாங்கள்தான் கடைசி. ஆனால் நாங்கள் போய்ச் சேர்ந்தபோதும் பாத்திரத்தோடு வரிசை நின்றுகொண்டிருந்தது. எங்கள் மூட்டை இறங்கிய கையோடு உலைக்குப் போனது. அதைப் பார்த்ததும் வீட்டுக்காரர் மிதித்த கால்கூட வலிக்கவில்லை.

இப்போது இன்றைய கதை.

அதே எல்லை. மகனுடைய புதுக் கார். சின்ன வயது அதிகாரி டிக்கியைப் பார்த்துவிட்டுப் போகலாம் என்றார்.

"தம்பி, கதவத் தட்டிப் பாத்தியா?"

மகன் என்னை முறைத்த முறைப்பு இருக்கிறதே!

அந்தத் தம்பி மரியாதையாக ஒவ்வொன்றாகத் தட்டினார். மூன்று கதவு ஒரே சத்தம். நாலாவதில் கடகட!

ஸ்க்ரூ டிரைவரோடு வந்து கதவின் உள்பலகை முழுவதையும் கழற்றிக் கீழே வைத்துவிட்டார்கள். பேத்தி கண்ணாடி இடுக்கில் போட்ட சீப்பு உள்ளே இருந்தது.

நீங்களே சொல்லுங்கள். தெரிந்ததைச் சொன்னது ஒரு தப்பா?