மூழ்காத நாழிகை வட்டில்

கருத்தரங்கில் சிறப்பு விருந்தினர் பேசிக்கொண்டே இருந்தார். நிறுத்துவதற்கான மணி என் கையில் இருந்தது. அடிக்க வழியில்லாமல் உட்கார்ந்திருந்தேன். வரலாற்றுத் துறையில் இத்தனை வருடம் குப்பை கொட்டியதில் அன்றைக்குப் பட்ட அவதியைப் புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்குச் சொல்லியாக வேண்டும்.

நாழிகை வட்டில் என்பது அடியில் சிறு துளையுள்ள செம்புக் கிண்ணம். தண்ணீரில் மிதக்கவிட்டால் துளை வழியே நீர் ஏறி, இருபத்து நான்கு நிமிடத்தில் மூழ்கும். அதுதான் ஒரு நாழிகை. வடசேரியில் ஒரு பாத்திரக்காரரிடம் சொல்லி அப்படி ஒன்று செய்து வாங்கினேன். பழைய பொருளைத் திரும்பச் செய்து பார்ப்பதும் ஆராய்ச்சிதான் என்பது என் கட்சி. துறைத் தலைவர் பகவதி மேடத்துக்கு அச்சில் வந்தது மட்டுமே ஆராய்ச்சி.

"செஞ்சு பாத்து என்ன தெரியப்போவுது சார்? கிண்ணம் தானா முங்குது. அதுக்குப் போயி அந்தக் காலத்து அரண்மனையில நாழிகைக் கணக்கர்னு ஒரு ஆள வச்சிருந்தாவன்னா, சும்மா பகட்டுக்குத்தான். நான் கட்டுரையே எழுதியாச்சு" என்றார்.

"ஒரு நாள் ஓட்டிப் பாப்போம் மேடம்."

"சரி, கருத்தரங்குல ஒங்க கிண்ணம்தான் கடிகாரம். ஒழுங்கா ஓடிச்சுன்னா பின்னால உள்ள ஸ்டோர் ரூம் ஒங்களுக்குப் பட்டறை. இல்லைன்னா இந்தப் பேச்சையே எடுக்கப்பிடாது."

அந்த அறைக்காக நான் நடையாய் நடந்தது துறைக்கே தெரியும்.

அன்றைக்குச் சுவர்க் கடிகாரத்தைத் துண்டு போட்டு மூடினோம். செல்போன்களை ஒரு கூடையில் வாங்கி வைத்தோம். மேடைக்கு முன்னால் வெண்கல உருளியில் தண்ணீர், அதில் வட்டில். ஆளுக்கு ஒரு நாழிகை. முதலில் பேசியவருக்கு வட்டில் 'களக்' என்று மூழ்கியது. மணி அடித்தேன், பாதி வாக்கியத்தில் நிறுத்தினார். எனக்குத் தலைகால் புரியவில்லை. வட்டிலை எடுத்து மேசைமேல் வைத்துவிட்டு, அடைப்பிரதமனில் இனிப்புப் பார்க்கச் சமையல்காரர் கூப்பிட்டாரென்று போனேன்.

திரும்பி வந்தால் உருளி நிறையத் தோவாளைச் சந்தைப் பூ. வரவேற்புப் பொறுப்பு அலுவலகத்து ரோஸ்மேரிக்கு. விசேஷ வீட்டில் உருளித் தண்ணீரை வெறுமனே விட நம் ஊரில் யாருக்கும் மனசு வராது. எரிச்சலோடு பூவை ஒதுக்கி வட்டிலை மிதக்கவிட்டேன். சிறப்பு விருந்தினர் தொடங்கினார்.

கடல்கோளில் தொடங்கித் தன் கல்லூரி நாட்களுக்கு வந்தார். பிறகு மருமகனுக்குத் துபாயில் கிடைத்த வேலை. நடுநடுவே உருளியை எட்டிப் பார்த்து, "இன்னும் நேரம் கெடக்கு" என்று சந்தோஷப்பட்டார். பப்படம் பொரிக்கிற மணம் வந்து, நின்றும் போனது. பகவதி மேடம் என்னை முறைத்தார். வயிறு ஒன்று சொன்னது, வட்டில் வேறு சொன்னது. நான் செய்த வட்டிலாயிற்றே, அதையே நம்பினேன்.

கடைசியில் எழுந்து போய்ப் பார்த்தேன். உள்ளே ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. துளையில் வெள்ளை மெழுகு.

"யாரு பாத்த வேலை இது?"

"நாந்தான் சாரே" என்றாள் ரோஸ்மேரி. "கிண்ணத்துலயும் பூ வைக்கலாம்னு தண்ணி ஊத்துனேன், ஒழுகிச்சு. குத்துவிளக்கு கொளுத்துன மெழுகுதிரி கெடந்துது, உருக்கி அடைச்சிட்டேன். கடைக்காரன் ஒங்கள நல்லா ஏமாத்திட்டான் சாரே. ஓட்டப் பாத்திரத்தத் தலையில கெட்டியிருக்கான்."

அரங்கமே சிரித்தது. "அப்போ எனக்க நேரம் முடிஞ்சுதா?" என்று கேட்டார் விருந்தினர்.

"பிரதமனே ஆறியாச்சு" என்றார் கதவருகே நின்ற சமையல்காரர்.

அறை போச்சு என்று நினைத்தேன். அழுகையே வந்துவிட்டது. சிரித்துக் கண்ணைத் துடைத்த பகவதி மேடம் சட்டென்று ரோஸ்மேரி பக்கம் திரும்பினார்.

"கிண்ணத்துக்கிட்ட சார் இருந்திருந்தா தொட்டிருப்பியா?"

"கேக்காம தொடுவேனா மேடம்?"

மேடம் என்னிடம் வந்து, "அப்போ நாழிகைக் கணக்கர் அதுக்குத்தான் போல சார். முங்குதான்னு பாக்க மட்டுமில்ல, நம்ம ஆளுவ கை வைக்காம பாக்கவும். கட்டுரைய மாத்தி எழுதணும்" என்றார்.

சாப்பாட்டுப் பந்தியில் ஸ்டோர் ரூம் சாவி என் இலைக்குப் பக்கத்தில் வந்தது. கட்டுரை அச்சானபோது அடிக்குறிப்பில் ரோஸ்மேரிக்கு நன்றி இருந்தது, எனக்கு இல்லை.

ஆகவே, பழைய பொருள் ஒன்றைச் செய்து முடித்ததும் அறையில் பூட்டி வைத்துச் சோதிக்காதீர்கள். நாலு பேர் நடமாடுகிற இடத்தில் வையுங்கள். அதில் ஒருவர் உதவி செய்யத் துடிக்கிறவராக இருந்தால் ரொம்ப நல்லது.