நாகாவுக்கு வாசித்துச் சொன்ன சிவப்பு வரிகள்

போன வாரம் அலுவலகத்தில் ஒரு பழைய மேசைக் கணினியைத் தட்டி எழுப்பினார்கள். விசிறி சுற்றியதும் சூடான தூசி வாசம் கிளம்பியது. அந்த வாசம் வந்தால் எனக்குச் சுங்கை பினாங் அடுக்குமாடியில் நாகாவின் வீடுதான் ஞாபகம் வரும். கூடவே அவன் மனைவி பவானி மிளகாய்ச் சம்பால் வதக்கும் நெடியும். தும்மிக்கொண்டேதான் நாங்கள் தொழில்நுட்பம் வளர்த்தோம்.

நாகா, மாக் மண்டின் வட்டாரத்தில் தொழிற்சாலை ஒன்றில் இயந்திரம் பழுதுபார்த்தவன். இனிப்பு நீர் வியாதி அவன் பார்வையைக் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துக்கொண்டது, வேலையும் போயிற்று. ஒருநாள் தவறான பேருந்தில் ஏறி எங்கேயோ இறங்கி நின்று எனக்குப் போன் செய்தான்.

"எந்த நம்பர்னு பக்கத்துல கேக்க வெக்கமா இருந்துச்சுடா."

அதிலிருந்து அவனுக்கு ஒரே யோசனை. வருகிற பேருந்தின் எண்ணைக் கைப்பேசியே பார்த்து உரக்கச் சொல்ல வேண்டும். அப்படி ஒரு செயலியை, மிச்சப் பார்வை போவதற்குள் தானே செய்துவிட வேண்டும்.

ஒருமுறை எழுதினால் ஆண்ட்ராய்டு, ஐபோன் இரண்டிலும் ஓடுமாம், அப்படி ஒரு மென்பொருள் கருவிப்பெட்டி இருக்கிறது என்று கேள்விப்பட்டிருந்தான். அதை அவன் கணினியில் நிறுவ ஞாயிறுதோறும் போனேன். நான் துறைமுகத்தில் சரக்குக் கணக்கு எழுதுகிறவன். திரையில் வரும் ஆங்கிலத்தைப் பள்ளிப் பிள்ளைபோல் எழுத்துக்கூட்டி வாசிப்பேன்; அவன் கண்ணை மூடிக் கேட்டு, என்ன செய்வதென்று சொல்வான்.

"மறுபடி ரோசாக்கா? கெட்டுப்போச்சா?" என்பான்.

"சிவப்பா வருதுடா. எதையோ காணோங்குது."

"போல்டர் பேர்ல இடம் விட்டியா?"

விட்டிருந்தேன். எல்லாம் முதலிலிருந்து.

அப்புறம் கணினியில் இடம் போதவில்லை. இருந்ததிலேயே பெரிது அவர்கள் கல்யாண வீடியோ. நான் தயங்கினேன். பவானிதான் சொன்னாள்: "அழிச்சிருங்கண்ணே. மனுசன் பக்கத்துலதானே இருக்காரு."

சிவப்பு வரிகளை ஒவ்வொன்றாகத் தீர்த்தோம். ஐபோனுக்கு வேறு வகைக் கணினியே வேண்டுமாம். "அது நமக்கு இல்ல, விடு லா" என்றான். ஒருவழியாக ஆண்ட்ராய்டு கைப்பேசியில் மாதிரிச் செயலி ஓடியது. பொத்தானை அழுத்தினால் எண் ஒன்று கூடும், அவ்வளவுதான். நான் கைதட்டினேன். நாகா கைப்பேசியை மூக்கோடு ஒட்டிப் பிடித்தான்.

"இப்ப எத்தனை?"

"மூணு."

அழுத்தினான். "இப்ப?"

"நாலுடா."

இன்னும் இரண்டு தடவை அழுத்திவிட்டு, கைப்பேசியை என் பக்கம் நீட்டினான். "எனக்கு வெள்ளையாத்தான் இருக்கு."

பவானி அடுப்பை அணைத்துவிட்டு வந்து அவன் தோளில் கை வைத்தாள்.

அதற்குப் பிறகும் சில ஞாயிறுகள் அவன் சொல்ல நான் தட்டச்சு செய்து பார்த்தோம். என் விரல் ஏதாவது ஒரு குறியை விட்டுவிடும். அவனுக்கும் சீக்கிரம் களைத்துப்போகும். பிறகு சிறுநீரகம், மருத்துவமனை. பேருந்து எண்ணைச் சொல்லும் செயலியில் ஒரு திரைகூட முடியவில்லை. மழைக்காலத்தில் நாகா போய்விட்டான்.

பவானி ஈப்போவில் அக்கா வீட்டோடு இருக்கிறாள். கணினியைப் பழைய சாமான் எடுப்பவர் தூக்கிப்போனார். எண்ணைப் படித்துச் சொல்லும் செயலிகள் இப்போது சும்மாவே கிடைக்கின்றன, வேண்டியவன்தான் இல்லை. ஞாயிறு காலையில் பழக்கத்தில் குளித்துச் சட்டை போட்டுக்கொள்கிறேன். போவதற்கு வீடு இல்லை.