உஸ்தா யதுல்லா பேசிய கூட்டம்

உஸ்தா யதுல்லாவோடு ஒரு வாசலுக்குள் நுழைவதென்றால் பாதி நாள் போய்விடும். "நீங்க முதல்ல" என்பார். நாம் "நீங்கதான் பெரியவங்க" என்போம். அவர் மார்பில் கை வைத்துக் குனிந்து மறுபடியும் "நீங்க" என்பார். அதற்குள் உள்ளே டீ ஆறிப்போயிருக்கும். ஈரானில் யஸ்து நகரத்துக்குப் பக்கத்தில், பாலைவனத்தின் ஓரமாகக் கிடக்கும் எங்கள் ஊரில் எல்லோரும் இப்படித்தான். இருந்தாலும் அவர் எங்களுக்கே கொஞ்சம் அதிகம்.

இளமை முழுவதும் டைல்ஸ் தொழிற்சாலையில் சூளையருகே நின்று வெந்தவர். கைதேர்ந்த தொழிலாளி என்பதால்தான் பெயருக்கு முன்னால் அந்த 'உஸ்தா'. போக வர சைக்கிள்தான். தொழிற்சாலைச் சாலையில் லாரிகள் போகிற போக்குக்கு, சைக்கிள்காரன் முழுதாக வீடு திரும்புவது அன்றன்றைக்குக் கிடைக்கிற கூலி மாதிரி. அவருடைய தம்பி ஒரு நாள் திரும்பவில்லை. இப்போது அதே சாலையில், அதே வேலைக்கு, அவருடைய ஒரே மகன் நேமத் சைக்கிளில் போய்க்கொண்டிருந்தான். அவன் வந்து சேரும்வரை மனிதருக்கு ரொட்டி தொண்டையில் இறங்காது.

அப்போதுதான், ஊருக்குள் சைக்கிள் பாதை வரப்போகிறது, எங்கே போடலாம் என்று மக்களே வந்து சொல்லலாம் என்று பள்ளிவாசலில் அறிவித்தார்கள். அதுவரை எங்களை யாரும் எதுவும் கேட்டதில்லை. அவர் மனைவி தூபா வெள்ளைச் சட்டையைத் தேய்த்துக் கொடுத்தாள். நேமத்துக்கு அன்று வேலை.

"அப்பா, பூங்காவைச் சுத்திப் போட்டா அவங்களுக்கு வேலை சுலபம். அதைத்தான் நம்ம தலையில கட்டப் பாப்பாங்க. நீங்க தொழிற்சாலை ரோடுன்னு கண்டிப்பா சொல்லிடுங்க. உங்க பேச்சை யாரும் தட்ட மாட்டாங்க" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினான்.

கூட்டம் நடந்த கூடம் நிறைய ஆள். பாதி வீட்டில் அந்தத் தொழிற்சாலைக்குப் போகிற பிள்ளை இருந்தது. சுவரில் வரைபடம், அதில் தொழிற்சாலைச் சாலை ஒரு கோடு, பூங்காவைச் சுற்றி இன்னொரு கோடு. கூட்டத்தை நடத்திய நகராட்சிப் பொறியாளர் கியானி தெஹ்ரானில் படித்துவிட்டு வந்த இளைஞர், ஒரு கண் எப்போதும் செல்போனில். முன்வரிசையில் இருந்த யதுல்லாவைப் பணிவாகத்தான் கேட்டார்.

"ஐயா, இங்க நீங்கதான் மூத்தவங்க. எந்தப் பாதை வேணும், சொல்லுங்க."

எங்கள் ஊரில் ஒரு தடவை கேட்பது கேட்பதே ஆகாது. கடைக்காரன்கூடக் காசை நீட்டினால் "இருக்கட்டும், உங்க கடைதானே" என்று இரண்டு தடவை தள்ளிவிட்டு, மூன்றாவது தடவைதான் வாங்கிப் போட்டுக்கொள்வான். கேட்ட உடனே வேண்டியதைச் சொல்கிறவன் வளர்ப்புச் சரியில்லாதவன். யதுல்லா எழுந்து மார்பில் கை வைத்தார்.

"நீங்க படிச்சவங்க, உங்களுக்குத் தெரியாததா? நீங்க எதைச் செஞ்சாலும் எங்களுக்குச் சம்மதம்."

சொல்லிவிட்டு உட்காரவில்லை. அடுத்த தடவை கேட்பார் என்று அப்படியே நின்றார்.

கியானி கேட்கவில்லை. அவரும் எங்களைப் போல வளர்ந்தவர்தானே, இந்த வழக்கம் தெரியாமலா இருக்கும்? படிப்பில் மறந்துபோனதா, வசதிக்காக மறந்தாரா, எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. "பெரியவரே சம்மதிச்சுட்டாரு. அப்ப பூங்காப் பாதை. எல்லாரும் ஒரு ஸலவாத் சொல்லுங்க" என்றார். நபி மீது வாழ்த்துச் சொல்லச் சொன்னால் வாயை மூடிக்கொண்டு இருப்பவன் உண்டா? கூடமே அதிர்ந்தது. யதுல்லாவின் குரலும் அதில் இருந்தது. ஸலவாத் சொல்லி முடித்த விஷயத்தை எங்கள் ஊரில் மறுபடி கிளற மாட்டார்கள். மூத்தவர் சம்மதம் என்ற பிறகு மற்றவர்கள் எதிர்த்துப் பேசுவது மரியாதையும் இல்லை. எல்லோரும் செருப்பைத் தேடிக்கொண்டு வீட்டுக்குப் போனார்கள்.

சாயங்காலம் நேமத் சைக்கிளை நிறுத்திக்கொண்டே, "சொன்னீங்களாப்பா?" என்று கேட்டான்.

"சொன்னேன்" என்றார்.

அந்த வேனிலில் பூங்காவைச் சுற்றிப் பச்சை வர்ணம் அடித்தார்கள். அதில் குழந்தை வண்டி தள்ளுகிறவர்களும் பூனைகளும்தான் போனார்கள். இலையுதிர் காலத்தில் தொழிற்சாலைச் சாலையில் ஒரு லாரி நேமத்தின் காலில் ஏறியது. தொடைக்குக் கீழே எடுக்க வேண்டியதாயிற்று. உயிர் பிழைத்ததே பெரிது என்று வந்தவர்கள் ஆறுதல் சொன்னார்கள். சொன்னவர்களுக்கெல்லாம் இரண்டு கால் இருந்தது.

கூட வேலை செய்கிறவர்கள், நோயாளியைப் பார்க்கப் போகிற எங்கள் ஊர் வழக்கப்படி, அன்னாசிப்பழ டின்களோடு அவனைப் பார்க்க வீட்டுக்கு வந்தார்கள். பேச்சு எப்படியோ அந்தப் பாதைக்கு வந்துவிட்டது. நேமத் தலையணையில் நிமிர்ந்து உட்கார்ந்தான்.

"எங்கப்பா அன்னிக்கே சொன்னாரு. ஒத்த ஆளா எந்திரிச்சு நின்னு, தொழிற்சாலை ரோடுதான் வேணும்னு சொன்னாரு. அவங்கதான் காதுல போட்டுக்கல."

வந்திருந்த நால்வரில் ஒருவனுடைய அப்பாவும், இன்னொருவனுடைய மாமாவும் அந்தக் கூடத்தில் இருந்தவர்கள்தான். தூபாவுக்கும் தெரியும். ஊருக்கே தெரியும், நேமத்தைத் தவிர. யதுல்லா டீத் தட்டோடு நடுவீட்டில் நின்றார். யாராவது ஒருவன் உண்மையைச் சொல்லித் தன் முகத்தில் காறித் துப்பிவிட மாட்டானா என்று இருந்தது அவருக்கு.

அந்த நால்வரில், அப்பா கூட்டத்துக்குப் போயிருந்தவன் எழுந்து, தட்டைப் பணிவோடு அவர் கையிலிருந்து வாங்கிக்கொண்டான்.

"ஆமா நேமத்" என்றான். "உங்கப்பா சொன்னாருன்னு எங்கப்பாவும் சொன்னாரு."