சுருட்டு குடிக்காதவர்

பாளையங்கோட்டையில் ஒரு வக்கீலிடம் நான் குமாஸ்தாவாக இருந்தபோது, அவர் அறையிலேயே பத்திரங்களை நகலெடுக்கும் ஒருவர் இருந்தார். ஒடிசலான மனிதர். வக்கீல் ஓயாமல் சுருட்டு குடிப்பார். இவரோ ஒரு பக்கம் எழுதி முடித்ததும் ஜன்னல் கம்பிகளில் முகத்தை வைத்து மூச்சு வாங்கிவிட்டு வருவார்.

இவருக்கு இருமல் முற்றியது. டாக்டர் சுருட்டை விடச் சொன்னாராம்.

"நான் ஒண்ணுகூடக் குடிச்சதில்லன்னேன். நம்ப மாட்டேங்காரு வே" என்றார்.

"வக்கீலய்யாகிட்ட சொல்லிப் பாருங்களேன், அண்ணாச்சி."

"அவரு ரூம்பு, அவரு சுருட்டு. நெஞ்சு மட்டும்தான வே என்னுது."

புன்னக்காயலில் தங்கை வீட்டில் இரண்டு மாதம் இருந்து, இருமல் தணிந்து வந்தார். அங்கே எழுத்து வேலை இல்லாததால் பழைய மேஜைக்கே திரும்பினார். ஐப்பசி மழைக்குள் படுக்கையில் விழுந்துவிட்டார்.

வக்கீலும் நானும் பார்க்கப் போனோம். அவர் கிடந்த கோலத்தைக் கண்டு வக்கீலுக்குக் கண் கலங்கிவிட்டது. கட்டிலருகே உட்கார்ந்து, தன்னையறியாமல் ஒரு சுருட்டைப் பற்றவைத்தார். நான் தடுக்க வாயெடுப்பதற்குள் நோயாளி மனைவியைக் கூப்பிட்டார்.

"ஏட்டி, அய்யாவுக்குச் சாம்பல் தட்ட ஒரு சிரட்டை கொண்டா."

அந்தக் குரலில் கோபத்தை இத்தனை வருஷமாகத் தேடிப் பார்க்கிறேன், அகப்படவில்லை.