குதிரைக்குத் தண்ணீர் காட்டிய சீழ்க்கை

உதட்டைக் குவித்துக் காற்றை மெல்ல உள்ளே இழுத்தால் ஈரமான ஒரு சீழ்க்கை வரும். லண்டன் இல்ஃபோர்டில் இரண்டு கடை, பக்கத்து மனோர் பார்க்கில் மூன்றாவது, பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு வீடு என்று, ஐந்தாம் வகுப்போடு நின்றவன், ஆங்கிலத்தில் கையெழுத்து மட்டும் போடத் தெரிந்தவன், ஒருவரிடமும் கைநீட்டாமல் கட்டியெழுப்பியிருக்கிறேன். ஆனாலும் நான் கற்ற முதல் தொழில் அந்தச் சீழ்க்கைதான்.

எங்கள் ஊர் நெடுந்தீவில் மழை பொய்த்த வருடம், ஐயா என்னைப் பள்ளியிலிருந்து மறித்து நிறுத்தி மாடுகளோடு தெற்குக் கரைக்கு அனுப்பினார். "நீ மாடு மேய்க்கத்தான் சரி" என்று வாத்தியார் முன்பே சொல்லியிருந்ததால் வகுப்பே சிரித்தது. அங்கே ஆளில்லை, காய்ந்த புல்லும் காற்றும், கண்ணுக்கு எட்டியவரை வெளியும்தான். 'துரவு' என்கிற மண்கிணற்றில் தண்ணீர் அள்ளித் தொட்டியை நிரப்பினால் யாருக்கும் சொந்தமில்லாத தீவுக் குதிரைகள் தூரத்தில் வந்து நிற்கும், என்னைக் கண்டால் கிட்ட வராது. அதில் ஒரு கிழட்டுப் பெட்டைக்குதிரை விழுந்துவிடும்போல ஆடிக்கொண்டு நின்றது. நான் முதுகைக் காட்டி இருந்து, மாட்டுக்குத் 'தண்ணி காட்டுற' சீழ்க்கையை விடாமல் இழுத்தேன். வெயில் சாயும்போது பின்னால் உறிஞ்சும் சத்தம் கேட்டது. பேச ஆளில்லாத அந்தக் கோடையில் என்னை நம்பி வந்த உயிர் அது. இன்றும் அதற்கு நன்றியோடிருக்கிறேன்.

என் மகள் படங்களுக்கு ஒலி சேர்ப்பவள். மங்கோலியப் புல்வெளியில் தனியே குதிரை மேய்க்கும் ஒருவரைப் பற்றிய படமொன்றைப் போட்டுக் காட்டினாள். கதையும் இல்லை, பேச்சும் இல்லை. அவர் குதிரையைத் தண்ணீருக்கு அழைக்கும் இடத்தில் பதிவில் அவர் சத்தம் விழவில்லை, காற்று மட்டும்தான் இருந்தது. அவர் உதடு குவிந்ததும் என் உதடும் தானாகக் குவிந்தது, பழைய சீழ்க்கை வந்தது.

"அப்பா, இதை எங்க பழகினீங்கள்?"

"உன்ர யூனிவர்சிட்டியில இல்லை, பிள்ளை."

அன்றே என் சீழ்க்கையை அந்த இடத்துக்குப் பதிந்தார்கள். படமெடுத்தவர் அதை அந்த மேய்ப்பருக்குப் போனில் போட்டுக் காட்ட, பக்கத்தில் நின்ற குதிரை திரும்பிப் பார்த்ததாம்.

"உங்கட பேர் நன்றி லிஸ்டில வரும், அப்பா."

"நன்றி நான் அந்தக் கிழட்டுக் குதிரைக்குச் சொல்லவேண்டியது. இதில நான் வேலை செய்தனான்."

அந்தத் தொட்டி இடிந்துவிட்டதாம். அன்று அப்படிச் சொன்ன வாத்தியாரும் இப்போது இல்லை. கடைப் பலகைகளில் என் பெயர் பெரிதாகத்தான் இருக்கிறது, அது எனக்குப் போதாது. படமெடுத்தவருக்கு இப்படிச் சொல்லியனுப்பினேன். படம் முடியும்போது அந்த மேய்ப்பரின் பெயருக்குக் கீழே, அதே அளவு எழுத்தில் போடுங்கள்: குதிரையை அழைத்தவர், நெடுந்தீவு தங்கராசா.